பாதிப் புத்தகத்தில் நின்று பேசுவது எப்படி?

அறிவியல் புனைகதையும் மாயக்கதையும் படிக்கிறவர்கள் நம் கடலோரத்தில் இல்லாமல் இல்லை. தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, சாயல்குடி என்று போனால் வழியில் ஒன்றிரண்டு பேராவது தட்டுப்படுவார்கள். பேச்சுதான் வளராது. “என்ன படிக்கிறீங்க?” “ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன்ணே.” “எப்படி இருக்கு?” “நல்லாருக்கு.” அதற்குள் டீ வந்துவிடும், பேச்சு மீன் விலைக்குப் போய்விடும்.

அந்த “நல்லாருக்கு”க்கு அடுத்து என்ன சொல்வது என்று திணறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். படித்து முடித்து அலமாரியில் வைத்துவிட்டு எழுதும் விமர்சனம் வேறு. அதற்கு ஆற அமர யோசிக்க நேரம் உண்டு. இங்கே சொல்லப்போவது, இப்போது கையில் இருக்கிற, முனை மடித்து வைத்திருக்கிற புத்தகத்தைப் பற்றி நாலு பேர் நடுவில் பேசுவது பற்றி. முடிவு தெரியாமல் பேசுவதில்தான் இதன் சுவாரசியமே இருக்கிறது.

புத்தகத்துக்கு எங்கே போவது

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினராகிவிடுங்கள், செலவு சொற்பம். அறிவியல் புனைகதை என்று தனி அலமாரி பெரும்பாலும் இருக்காது. நாவல்களுக்குள் கலந்து கிடக்கும். அதனால் வகையைச் சொல்லாமல் ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மாவட்டப் புத்தகத் திருவிழா நடக்கும்போது ராமநாதபுரம் போய் ஒரு நாள் சுற்றினால் பல பதிப்பகங்களை ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். மீதிக்கு இரவல்தான். இரவல் ராமேஸ்வரம் தீவுக்குப் புதிதும் இல்லை. தன் சின்ன வயதில் ராமேஸ்வரத்தில் புத்தகமே அரிது என்றும், எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்ற முன்னாள் புரட்சியாளர் வீட்டு நூலகத்தில் அடிக்கடி வாங்கிப் படித்ததாகவும் அப்துல் கலாம் ‘அக்கினிச் சிறகுக’ளில் எழுதியிருக்கிறார்.

இப்படிச் சேர்ந்து பேசும் கூட்டத்துக்கு முதல் முறை வருகிறவர் சிறுகதைத் தொகுப்போ ஒற்றை நாவலோ கொண்டு வந்தால் நல்லது. ஏழெட்டு பாகம் ஓடும் தொடரின் முதல் பாகத்தோடு வந்து உட்கார்ந்தால் உங்களோடு சேர்ந்து வர ஆள் கிடைக்காது. தமிழா, ஆங்கிலமா, மொழிபெயர்ப்பா என்பது பற்றி யாரும் முகம் சுளிக்கக் கூடாது. சுளித்தால் அவரை அடுத்த தடவை டீ வாங்கச் சொல்லலாம்.

எங்கே நிற்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்

பேச வாய் திறந்ததும் வர வேண்டிய முதல் செய்தி இது: என்ன புத்தகம், எந்தப் பதிப்பு, எந்த அத்தியாயம் வரை முடித்திருக்கிறீர்கள். போனில் படிப்பவர்கள் “நாப்பத்திரெண்டு சதவீதம்” என்று சொன்னால் அச்சுப் புத்தகம் வைத்திருப்பவருக்கு ஒன்றும் புரியாது. அத்தியாயத் தலைப்பைச் சொல்லுங்கள்.

பதிப்பைச் சொல்வது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். ஜூல்ஸ் வெர்னின் ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1870களில் வந்த அதன் முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு, மூலத்தில் ஏறத்தாழ கால் பங்கை வெட்டிவிட்டது. இன்றைக்கும் மலிவு விலையில் கிடைக்கும் பல பிரதிகள் அதிலிருந்து வந்தவைதான். பள்ளிப் பிள்ளைகளுக்கான சுருக்கப் பதிப்புகள் வேறு. ஒருவர் முழு நாவலைப் படித்துவிட்டு “வர்ணனை ரொம்ப நீளம்” என்பார், இன்னொருவர் சுருக்கத்தைப் படித்துவிட்டு “எங்கே வர்ணனை? ஒண்ணுமே இல்லையே” என்பார். இருவரும் ஒரே புத்தகத்தைப் பற்றிச் சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு புத்தகங்களைப் பற்றிச் சண்டை போடுவார்கள்.

அடுத்தது எல்லை. அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பவர்களில் யார் பின்னால் நிற்கிறாரோ, அவர் நிற்கும் அத்தியாயம்தான் அன்றைய எல்லை. அதைத் தாண்டி யாரும் பேசக் கூடாது. முன்பே முழுதாகப் படித்தவர்தான் இதில் அதிகம் அடக்கி வாசிக்க வேண்டும். கதையைப் போட்டு உடைப்பது என்றால் யார் செத்தார், யார் கொன்றார் என்று சொல்வது மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். “ஓ, நீ இன்னும் அந்த இடத்துக்கு வரலையா” என்று ஒரு சிரிப்புச் சிரித்தாலே போதும், கெட்டது கதை. அதைவிட மோசம், “அந்த டாக்டரை மட்டும் ரொம்ப நம்பிராத மாப்ள” என்பது. படிக்கிறவன் அதற்கப்புறம் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த டாக்டரையே பார்த்துக்கொண்டிருப்பான்.

பழைய புத்தகம்தானே, சொன்னால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வெர்னின் நாவலுக்கு நூற்றைம்பது வயது தாண்டிவிட்டது. ஆனாலும் அதை இன்று முதல் தடவை திறக்கிற பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு அது புதுப் புத்தகம். அதில் வரும் கேப்டன் நெமோ என்பவர் உண்மையில் யார், எந்த நாட்டுக்காரர் என்பதை வெர்ன் அந்த நாவலில் மறைத்து வைத்திருந்து, 1874-75இல் வந்த வேறொரு நாவலில்தான் அவிழ்க்கிறார். அது தெரிந்தால் நம் ஊர்க்காரர் யாரும் நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. நானும் இங்கே சொல்லவில்லை பாருங்கள்.

உலகத்தின் சட்டம் என்ன?

இனிதான் முக்கியமான விஷயம். சமூக நாவலைப் பற்றிப் பேசும்போது “இப்படியெல்லாம் நடக்குமா?” என்று கேட்டால் அதற்கு ஒரு பொருள் உண்டு. அறிவியல் புனைகதையிலும் மாயக்கதையிலும் அந்தக் கேள்வி பாதி உயிரை இழந்துவிடுகிறது. டிராகன் பறக்குமா என்று கேட்டால் பறக்காது, அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. கேட்க வேண்டியது வேறு: இந்த ஆசிரியர் உண்டாக்கிய உலகத்தில் என்ன முடியும்? என்ன முடியாது? முடிகிற காரியத்துக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்? இந்த மூன்றுக்கும் பதில் தேடிக்கொண்டே படித்தால், எந்தப் பக்கத்தில் நிறுத்தினாலும் பேச ஒரு விஷயம் கையில் இருக்கும்.

எர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ இதற்கு நல்ல உதாரணம். உலகம் முழுக்கத் தீவுகள். எங்கே போவதென்றாலும் படகு வேண்டும். நம் பக்கத்து ஆட்களுக்கு முதல் அத்தியாயத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கெட் என்ற பையன் மந்திரம் கற்கப் போகிறான். அங்கே ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தால் அதை ஆளலாம். அதனாலேயே மனிதர்கள் தங்கள் உண்மைப் பெயரை மறைத்துக்கொண்டு வேறொரு பெயரில் நடமாடுகிறார்கள். எங்கள் கூட்டத்துக்குப் புதிதாக வந்த ஒரு கல்லூரி மாணவர் இந்த நாவலின் மூன்றாம் அத்தியாயம் முடித்தபோது எழுதி வந்து வாசித்த குறிப்பு இது:

“மூன்றாவது முடித்துவிட்டேன். கூழாங்கல்லை வைரம் மாதிரிக் காட்டுவது சுலபம், நிஜமாகவே வைரமாக்குவது ஆபத்து என்கிறார் வாத்தியார். உலகத்தின் சமநிலை குலையுமாம். சரி, அப்படியென்றால் பசிக்கிறவன் மந்திரத்தில் சோறு வரவழைத்துச் சாப்பிட முடியுமா, முடியாதா? இதுவரை பதில் இல்லை. கெட் அவசரக்குடுக்கை, எனக்கு எரிச்சலாக வருகிறது. ஆனால் இரண்டாம் அத்தியாயத்திலேயே அவன் அப்படித்தான் என்று காட்டிவிட்டதால் ஆசிரியரைக் குறை சொல்ல முடியவில்லை.”

இவ்வளவுதான். நாலைந்து வரி. ஆனால் இதில் எல்லாமே இருக்கிறது பாருங்கள். எங்கே நிற்கிறார் என்று சொல்லிவிட்டார். கதையின் சட்டத்தைத் தன் வார்த்தையில் சொன்னார். அந்தச் சட்டத்தை ஒரு சோற்றுக் கேள்வியால் தட்டிப் பார்த்தார். பிடிக்காததைச் சொல்லும்போது, அது தன் எரிச்சலா, ஆசிரியரின் பிசகா என்று பிரித்துப் பார்த்தார். அந்தச் சோற்றுக் கேள்வியைக் கிட்டத்தட்ட அதே மாதிரி நாவலின் பிற்பகுதியில் ஒரு பெண்பிள்ளை கேட்கிறாள். பதில் என்னவென்று முழுதும் படித்தவர்கள் யாரும் அன்றைக்கு மூச்சு விடவில்லை. அவர் அங்கே போய்ச் சேர்ந்த நாளில் போன் போட்டுக் கத்தியது தனிக் கதை.

அடுத்த அத்தியாயத்தில் இன்னொரு சட்டம் வருகிறது: ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவில் வறட்சி வரலாம், கிழக்கே கடலை அடக்கினால் மேற்கே புயல் கிளம்பலாம். முதுகுளத்தூர் பக்கத்துக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “அப்ப எங்க கம்மாய் நிறையாததுக்கு எவனோ எங்கயோ மந்திரம் போட்டுக்கிட்டு இருக்கான்னு அர்த்தம்” என்றார். சிரிப்பு அடங்கியதும் ராமேஸ்வரத்து அண்ணன் ஒருவர், “ஆண்கடல் குமுறுனா பெண்கடல் சும்மா கெடக்கும், காத்து மாறுனா அது குமுறும், இது சும்மா கெடக்கும். இதுக்கு எதுக்கு மந்திரம்?” என்று கேட்டார். ஆண்கடல் என்கிற மன்னார் வளைகுடாவையும் பெண்கடல் என்கிற பாக் விரிகுடாவையும் இரண்டு பக்கமும் பார்த்து வளர்ந்தவர் கேட்கக்கூடிய கேள்வி. அதிலிருந்துதான், அந்த நாவலில் மந்திரம் என்பது இயற்கையை மீறுவதா, இயற்கையின் கணக்கைத் தெரிந்துகொள்வதா என்ற பேச்சு கிளம்பியது. எந்தத் திறனாய்வுப் புத்தகமும் படிக்காமல் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

குறிப்பு எழுதும் பழக்கம் இல்லையென்றால் பரவாயில்லை. புத்தகத்தின் நடுவில் ஒரு துண்டுச் சீட்டு வைத்துக்கொண்டு, எங்கே இடித்ததோ அந்தப் பக்க எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நூலகப் புத்தகத்தில் பேனா வைக்காதீர்கள். பென்சிலும் வேண்டாம்.

ஊர்க்காரர் கண்

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கும். “எனக்கு ஃபிசிக்ஸ் தெரியாது, நான் என்ன சொல்றது?” என்பார்கள். உங்களுக்குக் கடல் தெரியும், காற்று தெரியும், தண்ணீர்த் தட்டுப்பாடு தெரியும். இந்த வகைப் புத்தகங்களில் பாதிக்கு மேல் அதுதானே கச்சாப்பொருள்.

வெர்னின் நாவலுக்கே திரும்புவோம். அதன் இரண்டாம் பாகத் தொடக்கத்தில் நெமோவின் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் வந்து நிற்கும் இடம் நம் மன்னார் வளைகுடா, இலங்கைப் பக்கத்து முத்துச் சலாபம், அதாவது முத்துக் குளிக்கும் இடம். குளியாளிகள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று நெமோ விளக்குகிறார். கல்லைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு கயிற்றோடு இறங்குவார்கள். சராசரியாக 30 விநாடி தாங்குவார்கள். அபூர்வமாக ஒருசிலர் 87 விநாடி வரை நிற்பார்கள். இந்தப் பக்கத்தைக் கீழக்கரையில் ஒருவர் சத்தமாக வாசித்தபோது, சங்கு குளிக்கிற குடும்பத்துப் பையன் குறுக்கே வந்தான் (‘காக்கா’ என்றால் அங்கே அண்ணன்).

“முப்பது விநாடியா? காக்கா, எங்க மாமா முங்குனாருன்னா கண்ணு பழகுறதுக்கே அவ்வளவு நேரம் ஆகும்பாரு. அப்புறம் எப்ப எடுக்குறது?”

வாசித்தவர் புத்தகத்தை மூடவில்லை. “சராசரின்னுல போட்டிருக்கு தம்பி. உங்க மாமாவையும் எண்ணணும், நேத்து சேர்ந்த பயலையும் எண்ணணும். மேல படிக்கிறேன், கேளு.”

மேலே படித்தார். ஏறி வரும்போது மூக்கிலும் காதிலும் ரத்தநீர் வடியும், இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு முதுமை வாய்ப்பதில்லை என்று வருகிறது. “அது சரிதான்” என்றான் பையன். இந்தப் பக்கமே வராத ஒரு பிரெஞ்சுக்காரருக்கு இது எப்படித் தெரிந்தது என்பது அன்றைய அடுத்த கேள்வி. பயண நூல்களும் அறிக்கைகளும் படித்துத்தான் எழுதியிருப்பார் என்றார்கள். அப்படியானால் அந்த 30 விநாடி, கரையில் நின்று கடிகாரம் பார்த்த யாரோ ஒருவருடைய கணக்காக இருக்குமோ என்று பேச்சு போனது. அந்தச் சலாபத்தில் ஒரு முத்துக் குளிப்பவரும் ஒரு சுறாவும் வருகிறார்கள். மீதியை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

பையன் சொன்ன விதத்தைக் கவனித்தீர்களா? “இது தப்பு, இந்தாளுக்கு ஒண்ணும் தெரியல” என்று அவன் ஆரம்பிக்கவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கேள்வியாக வைத்தான். ஊரறிவைத் தீர்ப்பாகப் போட்டால் புத்தகம் அங்கேயே செத்துவிடும். அதற்கப்புறம் யாருக்கும் அதைத் தொட மனம் வராது.

ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் எழுதிய ‘டியூன்’ இன்னொரு வகை. தண்ணீரே இல்லாத பாலைவனக் கிரகம். உடம்பு விடும் ஈரத்தைத் திரும்பப் பிடித்துக் குடிக்கத் தரும் உடையைப் போட்டுக்கொண்டு மனிதர்கள் வாழ்கிறார்கள். ஆரம்பப் பகுதியிலேயே ஒரு காட்சி: பாலைவனத்துத் தலைவர் ஒருவர் பெரிய இடத்து மேசையில் காறித் துப்புகிறார். சுற்றி இருப்பவர்கள் வாளை உருவப் போகிறார்கள். பிறகுதான் தெரிகிறது, தன் உடம்பின் ஈரத்தைத் தருவது அங்கே மரியாதை. ‘தண்ணியில்லாக் காடு’ என்று பெயர் வாங்கிய மாவட்டத்தில் இதற்கு உரை எழுத வேண்டிய அவசியமே இல்லை. கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரப்பி வளர்ந்த ஒரு அக்கா இந்தக் காட்சியை வெகுவாக ரசித்தார். ஆனால் அவர் கேட்டது வேறு: “எல்லாம் சரி, தண்ணியைப் பத்தி இத்தனை பேரு பேசுறாங்க. வீட்டுக்குள்ள அதைப் பங்கு வைக்கிறது யாரு? பிள்ளைக்கு முதல்ல குடுப்பாளா, புருசனுக்கா? நான் இருநூறு பக்கம் வந்துட்டேன், அதைக் காணோம்.”

இப்படி ஒரு கேள்வியோடு மீதிப் பக்கங்களைப் படிப்பது தனி அனுபவம். கூட்டத்தில் கேட்ட மற்றவர்களும் அதைத் தேடிக்கொண்டே படித்தார்கள்.

மாற்றுக்கருத்து வரும்போது

வரத்தான் செய்யும். ஒரு சின்ன ஒழுங்கு வைத்துக்கொண்டால் போதும்: குறை சொல்லும் முன் முன்னுரையைப் படித்துவிட வேண்டும். ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் இறக்கும் வரை இலங்கையில் வாழ்ந்தவர். தனுஷ்கோடிக்கு எதிர்க்கரைக்காரர் என்றே சொல்லலாம். 1979இல் வந்த அவருடைய ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலில், பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு கோபுர லிஃப்ட் கட்டுகிறார்கள். அதற்குத் தோதான இடம் நிலநடுக்கோடு. இலங்கையோ அங்கே இல்லை. “புவியியலே தெரியாம எழுதியிருக்கார்” என்று ஒருவர் ஆரம்பித்தார். முன்னுரையைப் புரட்டினால், கதைக்காகத் தீவை 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திக்கொண்டதாக கிளார்க்கே சொல்லியிருக்கிறார். படகுக்காரர் ஒருவர் உடனே, “இதை முன்னாடியே செஞ்சிருந்தா நமக்கு எல்லைத் தகராறே வந்திருக்காதேய்யா” என்றார். அதற்கப்புறம் நாவல் பக்கம் பேச்சைத் திருப்ப வெகுநேரம் ஆனது.

ஆசிரியர் தெரிந்தே செய்த மாற்றத்துக்கும், தெரியாமல் விட்ட ஓட்டைக்கும் வித்தியாசம் உண்டு. முன்னதைப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம், தப்பு என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், நம் ஊரில் இது அவசியம். ஒருவர் ‘ஃபேன்டஸி’ என்று சொல்வது பக்கத்தில் இருப்பவருக்கு நம்பிக்கையாக இருக்கும். ராமர் பாலம், ஜின், புனிதர்களின் அற்புதம், காவல் தெய்வம் எல்லாம் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கிற ஊர்கள் இவை. புராணத்தை எடுத்து எழுதிய நாவலைப் பேசும்போது “இந்த நாவலில் அனுமன் இப்படி வருகிறார்”, “இந்தக் கதையில் ஜின்னுக்கு இன்ன கட்டுப்பாடு” என்று புத்தகத்துக்குள்ளேயே நின்று பேசுங்கள். உண்டா இல்லையா என்ற விவாதம் வேண்டுமென்றால் அதற்கு வேறு திண்ணை பார்த்துக்கொள்ளலாம். பழைய இலக்கியத்தைத் தொட ஆசைப்பட்டால் ‘மணிமேகலை’ நல்ல வாசல். பெண்ணொருத்தியைத் தூக்கத்திலேயே தீவுக்குக் கொண்டு சேர்க்கும் கடல் தெய்வம், எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி என்று எல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் பாத்திரத்துக்கும் ஒரு சட்டம் உண்டு, அதைத் தேடிப் பாருங்கள்.

ஆண்டு தாண்டிய கதைகள்

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கதை நடப்பது நாம் இப்போது வாழ்ந்துகொண்டிருக்கிற 2020களில். ஜீவா என்பவரின் சர்வாதிகாரம், பிள்ளை பெற அரசு அனுமதி, இரண்டெழுத்துப் பெயர்கள், பேசும் இயந்திர நாய் ஜீனோ. இதைப் படிக்கிறவர்கள் முதலில் செய்வது, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று டிக் அடிப்பது. ஒரு தடவை செய்து பாருங்கள், ஜாலியாகத்தான் இருக்கும். அதோடு விட்டுவிடுங்கள். எழுதிய காலத்தில் அவருக்கு எது பயமாக இருந்தது, அந்தப் பயம் இன்றைக்கும் இருக்கிறதா என்று கேட்டால் பேச்சு நீளும். ஜீனோவைப் பற்றி மட்டும் எச்சரிக்கை: அந்த நாயைக் குறை சொன்னால் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் யாரும் உங்களோடு பேச மாட்டார்கள்.

எங்கே, எப்போது

நாலைந்து பேர் போதும். எட்டைத் தாண்டினால் ரெண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் போன் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ. ஞாயிறு காலை தங்கச்சிமடத்துக்காரர்கள் பூசைக்குப் போவார்கள். எல்லோருக்கும் தோதானது ஞாயிறு சாயங்காலம், நாலரையிலிருந்து இருட்டும் வரை. கடற்கரையில் உட்காரலாம் என்று தோன்றும். ஆடிக் காற்றில் முயற்சி செய்யாதீர்கள். பக்கமும் நிற்காது, பேச்சும் கேட்காது, பல்லில் மணல் கடிபடும். பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ பக்கத்து மரத்தடி, யார் வீட்டு மொட்டை மாடி, மூடிய கடையின் திண்ணை எதுவும் ஆகும்.

தடித்த நாவலைச் சேர்ந்து படிக்க நினைத்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் நல்ல சமயம். விசைப்படகுக்காரர்கள் 61 நாள் கரையில் இருப்பார்கள். வலை பின்னுவது, படகுக்குப் பெயிண்ட் அடிப்பது என்று வேலை இருக்கும்தான், ஆனாலும் சாயங்காலம் கையில் இருக்கும். கையில் காசு இருக்காது, அதனால் புத்தகம் வாங்கச் சொல்லாதீர்கள், ஒரு பிரதியைச் சுற்ற விடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களும் வரட்டும். ஒருவர் ரெண்டு பக்கம் உரக்க வாசித்தாலே அவர்களும் கலந்துகொள்ளலாம். வெர்னைக் கேட்டுவிட்டுக் கருத்துச் சொன்ன அந்தப் பையன் அதுவரை ஒரு பக்கமும் படித்திருக்கவில்லை.

பேசும் வரிசை பற்றி ஒன்றுதான்: குறைவாகப் படித்திருப்பவர் முதலில் பேசட்டும், முழுதும் முடித்தவர் கடைசியில். மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

பாதியில் விட்டால்

தாராளமாக விடலாம். “போர்” என்று மட்டும் சொல்லாமல் எந்தப் பக்கத்தில் விட்டீர்கள், அந்தப் பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொல்லுங்கள். ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையவில்லை, பதினைந்து பாத்திரம் ஒரே அத்தியாயத்தில் வந்துவிட்டது, மொழிபெயர்ப்பு உறுத்துகிறது, சண்டைக் காட்சி முடியவே மாட்டேன் என்கிறது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அடுத்து அதை எடுக்க நினைப்பவருக்கு இதைவிட உபயோகமான தகவல் கிடையாது. சிலர் அந்தக் காரணத்துக்காகவே அதை எடுத்துப் போவதும் உண்டு.

எடுத்துப் போகிறவர் பெயரை, தேதியோடு, அட்டையின் உள்பக்கம் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக் கொடுங்கள், மீன் பையில் வேண்டாம். திருப்பி வாங்கும்போது “படிச்சாச்சா?” என்று கேட்காமல் “எந்த இடத்துல நிக்குறீங்க?” என்று கேளுங்கள்.